துளி பரவியதா என்று கேட்டவர்

என் கணவர் ஊரில் இல்லாத மாதங்களில்தான் நான் ஓர் எண்ணெய்த் துளியை மின்சாரத்தைக் கொண்டு பரப்பக் கற்றுக்கொண்டேன். அவர் ரிக் வண்டியில் இருந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகள் தீபாவளி கழிந்ததும் திருச்செங்கோட்டிலிருந்து வடக்கே கிளம்பினால், மழை இறங்கி வண்டி நிற்க முடியாதபடி நிலம் குழையும்போதுதான் திரும்பும். அவரும் அப்போதுதான் திரும்புவார். நான் நாமக்கல் சாலையில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் ஆய்வு மாணவியாக இருந்தேன்.

ஆவணியில் கல்யாணம். தீபாவளிக்கு மறுவாரம் அவர் போய்விட்டார். அதற்குள் நாங்கள் பேசிக்கொண்டது கொஞ்சம். பேசியதில் புரிந்தது அதைவிடக் கொஞ்சம். நான் கெங்கவல்லிக்காரி. எங்கள் பக்கத்துப் பேச்சும் அவர்கள் பேச்சும் பழைய சேலம் மாவட்டத்தின் இரண்டு ஓரங்கள்தான் என்றாலும் காதுக்கு வேறு வேறாக இருந்தன. முதல்முறை வடக்கிலிருந்து போன் செய்தபோது, "மழ வந்தாத்தான் ஊட்டுக்கு வர முடியும்" என்றார். நான், "ஊட்டிக்கா? அங்க எதுக்குப் போறீங்க?" என்று கேட்டேன். "நம்ம ஊட்டுக்குச் சாமி. நீ இருக்கற ஊட்டுக்கு" என்றார். இங்கே குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒன்றுபோல 'சாமி' என்பார்கள். எனக்கு அது பழக நாளானது. பழகிய பிறகு, அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவேன்.

எங்கள் கல்யாணத்தின் முதல் வருடம் பெரும்பாலும் போனில்தான் நடந்தது. சாயங்காலம் வண்டியில் வேலை நிறுத்தியதும் கூப்பிடுவார். மாமனார் லாரி ஓட்டியவர், அப்போது உயிரோடு இல்லை. வீட்டில் நானும் அத்தையும் மட்டும். அத்தை மதியமே என் போனை வாங்கிச் சார்ஜில் போட்டுவிடுவார். பேசும்போது பக்கத்தில் நிற்கமாட்டார். நான் வைத்த பிறகு வந்து, "சாப்பாடு ஒழுங்கா திங்கறானாமா?" என்று கேட்பார். "ஆமாங்க அத்தை" என்றால் போதும், போய்விடுவார்.

என்ன படிக்கிறாய் என்று அவர் கேட்டது முதல் மாதத்தில். பொதுவாக யாராவது கேட்டால் "பிஸிக்ஸ்" என்று சொல்லி முடித்துவிடுவேன். அவர் விடவில்லை. "பிஸிக்ஸ்ல என்ன? கைல என்ன வேல செய்யற?" என்றார். அதனால் சொன்னேன். பளபளவென்று தேய்த்த ஒரு உலோகத் தட்டு. அதை எர்த் பண்ணியிருக்கும். தட்டின் நடுவில் ஒரு துளி சிலிக்கோன் எண்ணெய். துளிக்கு நேர் மேலே, எண்ணெயைத் தொடாமல், ஒரு ஊசி. ஊசிக்குப் பல ஆயிரம் வோல்ட் கொடுப்போம். அப்போது ஊசி முனையைச் சுற்றியிருக்கும் காற்று மின்னூட்டம் பெற்று, அந்தத் துகள்கள் எண்ணெயின் மேல் இறங்கி உட்காரும். அவற்றுக்குக் கீழே இருக்கும் தட்டுக்குப் போக வேண்டும். எண்ணெய் மின்சாரத்தை விடாது. போக முடியாமல், தட்டின் இழுப்பில் எண்ணெயை அழுத்திக்கொண்டே இருக்கும். அழுத்த அழுத்தத் துளி விரிந்து, மெல்லிய படலமாகத் தட்டெங்கும் பரவும். பிரஷ் இல்லாமல், கை படாமல், ஒரே சீராக ஒரு பூச்சு கிடைக்கும்.

"மேல உக்காந்துக்கிட்டு, கீழ போகோணும் போகோணும்னு இருக்குமாக்கும்" என்றார்.

"ஆமா. அப்படித்தான்."

அந்தப் பக்கம் யாரோ இந்தியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றிருக்க வேண்டும், சத்தம் குறைந்தது. "பாவந்தான்" என்றார். அவர் சொன்னது எண்ணெயின் மேலிருந்த துகள்களையா, எங்களையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அதிலிருந்து தினமும் போனில் இரண்டு கேள்விகள் இருந்தன. "தண்ணி வந்துச்சா?" என்று நான் கேட்பேன். "துளி பரவுச்சா?" என்று அவர் கேட்பார். அவருக்குப் பல நாள் தண்ணீர் வந்தது. வராத நாட்களில், பணம் கட்டிய விவசாயி குழியைப் பார்த்துக்கொண்டே நிற்பதைச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். எனக்குத் துளி பரவவே இல்லை. பரவினால் ஒரு பக்கமாகச் சரிந்து ஓடியது. நேராகப் பரவட்டுமே என்று வோல்ட்டைக் கூட்டினால், எண்ணெயின் மேற்பரப்பு தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக உடைந்தது. இன்னும் கூட்டினால் படக்கென்று பொறி அடித்து, தட்டில் கரும்புள்ளி விழுந்துவிடும். அந்தத் தட்டை மறுபடி தேய்த்துப் பளபளப்பாக்க அரை நாள் போகும். என் வழிகாட்டியான பேராசிரியை அமைதியானவர். கரும்புள்ளியைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தட்டு எடுத்துக்கம்மா" என்பார்.

ஆனியில் மழை வந்து அவர் திரும்பினார். கறுத்து இளைத்திருந்தார். தலையெல்லாம் பாறைத் தூளின் நிறம் ஏறியிருந்தது, எத்தனை முறை குளித்தும் போகவில்லை. போனில் அவ்வளவு பேசிய மனிதர் நேரில் என் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்பட்டார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பக்கத்து அறையிலிருந்து போனில் கூப்பிட்டால் நன்றாக இருக்குமே என்றுகூட ஒருமுறை நினைத்தேன்.

ஒரு விடுமுறை நாளில் பேராசிரியையிடம் அனுமதி வாங்கி அவரை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனவரை, "வேணாங்க, போட்டுக்கிட்டே வாங்க" என்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் இடித்துவிடக் கூடாது என்பதுபோல நின்றார். நான் ஊசியைத் தாழ்த்தி, துளி விட்டு, மின்சாரம் கொடுத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. காற்றில் ஈரம் இருந்தால் ஊசி முனை சரியாக வேலை செய்யாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கூட்டிவந்திருந்தேன். துளி நடுங்கியது, ஒரு ஓரத்தில் நாக்கு நீட்டியது, பிறகு பொறி அடித்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் பொறி. மழைக்கு முன் வருமே, அந்த மாதிரி ஒரு காரமான மணம் அறையெங்கும் பரவியது. அதைப் பற்றிப் போனில் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"இந்த வாசந்தான் நீ சொன்னதா?" என்றார்.

"வாசனை மட்டுந்தான் வந்திருக்கு."

"அது போதும் சாமி. இன்னொரு நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்றார். ஆனால் அவர் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. எனக்கு ஆறுதல் சொல்வதற்காக அதை மறைத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கடையில் சோளக்கதிர் வாங்கிக் கொடுத்தார்.

அந்த மழைக்காலம் முழுக்க ஈரம்தான். இன்னொரு நாள் அமையவில்லை. தீபாவளி முடிந்தது. ரிக் வண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அவர், துளையிடும் ராடுகளை ஏற்றிக்கொண்டு ரிக்கின் கூடவே போகும் சப்போர்ட் வண்டியின் கேபினில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வாரேன் சாமி" என்றார். இங்கே போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் ஊரிலும் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த 'வாரேன்' என்னைப் பொய் சொல்லி ஏமாற்றுவதுபோல இருந்தது. வண்டி சங்ககிரிச் சாலையில் திரும்பி மறைந்த பிறகும் அத்தை நகரவில்லை. நான்தான் அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

தை முடிந்து மாசி பிறந்ததும் காற்று காய்ந்தது. அந்த வருடம் நான் பிடிவாதமாக இருந்தேன். தட்டை வைத்திருந்த மேசை வாசல் பக்கம் மயிரிழை சரிந்திருந்ததை ரசமட்டம் வைத்துக் கண்டுபிடித்தேன். துளி ஒரு பக்கமாக ஓடியதற்கு அதுதான் காரணம். கால்களுக்கு அடியில் தகடு வைத்துச் சரிசெய்தேன். வோல்ட்டை ஒரேயடியாக ஏற்றாமல், துளி ஒவ்வொரு முறையும் விரிந்து அடங்கும்வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன்.

ஒரு முற்பகலில் அது நடந்தது. துளியின் விளிம்பு வட்டமாக, அவசரமில்லாமல் வெளியே நகர்ந்தது. கட்டம் விழவில்லை, நாக்கு நீட்டவில்லை. தட்டின் ஓரம்வரை போனதும் படலம் மெலியத் தொடங்கி, விளக்கு வெளிச்சத்தில் நிறங்கள் வந்தன. முதலில் நெருக்கமான வளையங்கள். பச்சையும் ரோஜா நிறமும். வளையங்கள் அகலமாகிக்கொண்டே போய், கடைசியில் தட்டு முழுக்க ஒரே நிறம், மயில் கழுத்து நீலம். பேராசிரியையைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

சாயங்காலம்வரை காத்திருக்க முடியாமல் உடனே என் கணவருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. வழக்கம்தான், காட்டுக்குள் வேலை செய்யும்போது சிக்னல் இருக்காது. சாயங்காலமும் அதையே சொன்னது. மறுநாளும் அதையே சொன்னது. அத்தை என் போனைத் திரும்பத் திரும்பச் சார்ஜில் போட்டார். அது ஏற்கெனவே நிறைந்திருந்தது.

அதற்கும் அடுத்த நாள் வண்டி ஓனரிடமிருந்து அழைப்பு வந்தது. "ஏனுங்க, பயந்துக்காதீங்க. மாப்ள நல்லா இருக்கறாப்புல. காத்து ஹோஸ் வெடிச்சுப்போச்சுங்க. ஆஸ்பத்திரில சேத்திருக்கறோம்" என்றார். ரிக்கில் பாறையை உடைக்கக் கம்ப்ரசரிலிருந்து காற்றை மிகுந்த அழுத்தத்தில் அனுப்பும் குழாய் அது. அது வெடித்தால் பக்கத்தில் நிற்கிறவரைத் தூக்கியெறியும். என் கணவரின் பங்காளி ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறினேன். ஜோலார்பேட்டை தாண்டும்வரை என்னென்னவோ யோசித்தேன். அதற்குப் பிறகு யோசிக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே நிலம் மாறிக்கொண்டே போனது, மண்ணின் நிறம் மாறியது, ஸ்டேஷன் பலகைகளின் எழுத்து மாறியது. இவ்வளவு தூரத்திலிருந்தா அவர் தினமும் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், சுவரோரக் கட்டிலில் இருந்தார். தோளில் கட்டு, முகத்தில் சிராய்ப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்து, தலை சுற்றி, மறுபடி சாய்ந்தார். வலது பக்கம் சுவர். நான் இடது பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதால் பயந்துவிடுவார் என்று, படலம் பரவிய கதையைச் சொல்லத் தொடங்கினேன். மேசை சரிந்திருந்தது, தகடு வைத்தது, நிறங்கள் வந்தது, பேராசிரியை சாப்பிட்டியா என்று கேட்டது. எல்லாவற்றையும் குனிந்து மெதுவாகச் சொன்னேன். அவர் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நடுநடுவே தலையாட்டினார்.

பிறகு டாக்டர் வந்தார். அவர் சொன்ன இந்தியைப் பங்காளி எனக்குச் சொன்னார். தோள் ஆறிவிடும். தலைச்சுற்றல் போக மாதக்கணக்காகும். இடது காது இனிக் கேட்காது, வலதும் கொஞ்ச நாளைக்கு மந்தமாகத்தான் இருக்கும்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூட அவருக்குக் கேட்டிருக்கவில்லை.

கட்டிலைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தச் சொல்லி, மறுபக்கம் இடுங்கிய இடத்தில் நின்றுகொண்டு முதலிலிருந்து மறுபடி சொன்னேன். அவர் முன்பு சிரித்த மாதிரியே சிரித்தார். முடித்ததும், "நெசமாலுமே ஒரே நெறமா?" என்றார்.

"ஆமாங்க. ஒரே நிறம்."

"நான் பாக்கோணும்" என்றார்.

சித்திரையில் பார்த்தார். நடக்கும்போது இன்னும் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தட்டு அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி விளக்கைத் திருப்பினேன். அன்று துளி என்னைச் சோதிக்கவில்லை. நிறங்கள் வந்தன. அவர் மூச்சை மெல்ல விட்டார். அடுத்ததாக வேறொரு தட்டை வைத்தேன். அதில் எண்ணெய் ஒட்டாதபடி ஒரு பூச்சு கொடுத்திருந்தோம். மின்சாரம் இருக்கும்வரை எண்ணெய் பரவி நிற்கும், நிறுத்தினால் சுருங்கித் துளியாகிவிடும். அதைச் சொல்லிவிட்டுச் சுவிட்ச்சில் கை வைத்தேன்.

"நிறுத்தாத சாமி. கொஞ்ச நேரம் அப்புடியே இருக்கட்டும்" என்றார்.

விட்டுவைத்தேன். வெளியே யாரோ வராண்டாவில் நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மறுபடி ரிக்குக்குப் போக முடியவில்லை. கம்ப்ரசர் பக்கத்தில் நின்றால் இருக்கும் காதும் போய்விடும் என்றார்கள். கல்யாணமாகி அப்போதுதான் நாங்கள் முதன்முறையாக இடைவெளியில்லாமல் ஒன்றாக வாழத் தொடங்கினோம். நான் அவ்வளவு ஏங்கியிருந்த நாட்கள் அவை. வந்தபோது சந்தோஷமாக மட்டும் இருக்கவில்லை. சாயங்காலங்களில் அவர் சாலைக்குப் போய் நிற்பார். வடக்கே போகும் வண்டிகளைப் பார்த்து, எந்த வண்டி யாருடையது, யார் ஓட்டுகிறார் என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். நான் பக்கத்தில் நின்றாலும் அவர் அங்கே இல்லை. கூடவே இருக்கும் ஒருவருக்காக ஏங்க முடியும் என்பதை அந்த வருடம்தான் தெரிந்துகொண்டேன். எப்போதாவது, போனில் பேசிய அந்த மனிதரின் குரல் திடீரென்று வரும். சோறு போடும்போதோ, கொடியில் துணி எடுக்கும்போதோ, "இன்னைக்கித் துளி பரவுச்சா?" என்பார். அந்த நாள் எனக்கு நல்ல நாள்.

ஆய்வேட்டைக் கொடுத்து முடித்தேன். படலம் பரப்பும் இதே வேலையைத் தொடர, தென்கொரியாவில் ஒரு ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. சூடாகும் மின்னணுச் சில்லுகளின் மேல் எண்ணெயை மெல்லியதாகப் பரப்பிக் குளிர்விக்க முடியுமா என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று எழுதிவிடலாம் என்று நினைத்து, அவரிடம் சும்மா சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

"எப்பப் போகோணும்?" என்றார்.

"நான் போகல."

"ஏன்?"

"நீங்க இங்க இருக்கீங்க."

"நான் போனப்ப நீ இங்க இருந்தீல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அத்தை முறத்தை வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்தார். "ரெண்டு பேரும் ஊட்லயே உக்காந்து ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டிருந்தா ஆச்சா?" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. என் கணவர் போய்ப் பெரிய பெட்டி ஒன்று வாங்கிவந்தார்.

இப்போது அங்கிருந்துதான் எழுதுகிறேன். இங்கே குளிர்காலத்தில் காற்று வறண்டு கிடக்கிறது. துளி சொன்னபடி கேட்கிறது. நான் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம், அங்கே அவர் வேலைக்கு வந்து கதவைத் திறக்கும் நேரம். அப்போது வீடியோவில் பேசிக்கொள்வோம். திருச்செங்கோட்டில் ஒரு ரிக் ஆபீசில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. எந்த வண்டி எந்த ஊரில் நிற்கிறது, டீசல் இருக்கிறதா, ராடு போதுமா என்று பார்க்க வேண்டும். வடக்கே இருக்கும் ஆட்களின் வீடுகளிலிருந்தும் போன் வரும். அதையும் அவர்தான் எடுக்கிறார். என்னிடம் "இரு சாமி" என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் போனை வலது காதில் வைத்து அவர்களிடம் பேசுவது எனக்குக் கேட்கும்.

போன வாரம் ஒரு பெண் கூப்பிட்டிருக்கிறாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும்போல. புருஷன் ராஜஸ்தான் பக்கம் இருக்கிறானாம். என்ன வேண்டும் என்று இவர் கேட்டிருக்கிறார். அவன் இருக்கும் ஊரில் குளிர் எப்படி என்று கேட்டாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"வண்டிக்குப் போன் போட்டுக் கேட்டேன். காலைல நெறையக் குளுருதாம். வெய்யில் ஏறுனா பரவால்லியாம். அதையே சொன்னேன். கம்பளி கொண்டு போயிருக்கறாரான்னு கேட்டுச்சு. அதையும் மறுக்காப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன்."

"கொண்டு போயிருக்காரா?"

"ஒண்ணு வெச்சிருக்கறானாம்" என்றார். பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது நாமக்கல் பஸ்ஸா, சேலம் பஸ்ஸா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அங்க எப்புடிச் சாமி?" என்றார். "ரொம்பக் குளுருதா?"

ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. நான் போனை அந்தப் பக்கம் திருப்பினேன். அவர் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.